லாங்கிளாத், புல்லிகேட், மோஸ்தர்: பூந்தமல்லி – பழவேற்காடு வட்டாரத்தை முன்வைத்து ஆங்கிலத் துணிப்பெயர்களின் வரலாறு

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் என்னும் தலைப்பில் ஒரு பட்டியல் நம் கல்லூரி வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கட்டுமரம், மிளகுதண்ணீர், சுருட்டு எனத் தொடங்கும் அப்பட்டியலில் துணிப்பெயர்களும் இடம்பெறுவதுண்டு. 'காலிகோ', 'மஸ்லின்', 'சிண்ட்ஸ்', 'கிங்கம்' ஆகியன அவற்றுள் சில. சோழமண்டலக் கரையின் பருத்தித்துணி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தையை நிறைத்தது உண்மை. ஆகவே அத்துணியின் பெயர்களும் தமிழாகத்தான் இருக்கும் என்பது இப்பட்டியலின் உட்கோள். முதற்பகுதி வரலாறு, இரண்டாம் பகுதி ஊகம். துணி போன வழியே சொல்லும் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆங்கிலத்தில் வழங்கும் துணிப்பெயர்களுள் சோழமண்டலக் கரையோடு தொடர்புடையவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 'இச்சொல் தமிழா, அன்றா' என்ற வினாவைப் பின்தள்ளி, 'துணியின் வாழ்வில் எந்தக் கட்டத்தில், யாரால் இப்பெயர் இடப்பட்டது' என்ற வினாவை முன்வைக்கிறது. அவ்வாறு வினவும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. நெய்து முடிந்த துணி வாங்குவோரின் பெயரைப் பெற்றது. துணி உருவாகும் வினைகளுக்குரிய சில பெயர்கள் மட்டுமே தமிழிலிருந்து ஆங்கிலத்தை அடைந்தன. ஆய்வுக் களமாக அமைவது இன்றைய திருவள்ளூர் மாவட்டம். அதன் தென்பகுதியில் பூந்தமல்லியும் அதற்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய குத்தம்பாக்கம் முதலிய ஊர்களும் உள்ளன. வடகோடியில் பழவேற்காடு உள்ளது. முதலாவது, ஆங்கிலேயர் சென்னைக்கு வந்ததற்குக் காரணமான துணிவிலையோடு தொடர்புடையது. இரண்டாவது, தன் பெயரையே ஒரு துணிக்குக் கொடுத்தது.

பூந்தமல்லியும் 20 விழுக்காடும்

சென்னை நகரத் தோற்றத்தைப் பேசும் நூல்கள் 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாளையும் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் கொடையையும் தவறாமல் குறிப்பிடுகின்றன. வேங்கடாத்ரி வந்தவாசியில் இருந்து ஆண்டவர். கடற்கரைப் பகுதியை அவர் சார்பில் கவனித்தவர் அவருடைய உடன்பிறந்தார் ஐயப்ப நாயக்கர்; அவர் தங்கியிருந்த இடம் பூந்தமல்லி. ஆர்மகான் பண்டகசாலையின் தலைவராயிருந்த பிரான்சிஸ் டேயைக் கரைக்கு அழைத்ததில் ஐயப்ப நாயக்கருக்குப் பெரும்பங்கு உண்டு. டே இந்த இடத்தை விரும்பியதற்குத் துறைமுக வசதி காரணமாக இருக்க முடியாது. சென்னையின் திறந்த கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை மிகுந்த கடலில் மசூலாப் படகுகளைக் கொண்டே சரக்கை ஏற்றியிறக்க வேண்டியிருந்தது. அவர் தம் மேலிடத்துக்குச் சொன்ன காரணம் எளியது: இங்கே நல்ல 'லாங்கிளாத்' வேறெங்கும் விட 20 விழுக்காடு மலிவாகக் கிடைக்கும்.

இக்கணக்கை எச்.டி. லவ் 1913இல் வெளியிட்ட சென்னை வரலாற்றுத் தொகுதிகளின் வழியே அறிகிறோம். நகர வரலாற்றாசிரியர்கள் இதனை விலைச் செய்தியாகப் படித்துக் கடந்துவிடுகின்றனர். சொல்வரலாறு நோக்கில் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. டே விலை சொல்லும் பொருளுக்கு அவர் பயன்படுத்தும் பெயர் 'நீளத்துணி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர். பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்து நெசவாளர் அதற்கு என்ன பெயர் சொன்னார் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. உள்ளூர்த் தேவைக்கு நெய்யப்பட்டவை வேட்டி, சேலை, துண்டு என உடுப்பவரின் உடலளவுக்கு நெய்யப்பட்டவை. ஏற்றுமதிக்கு வேண்டியதோ ஏறத்தாழ 35 முதல் 40 கெஜம் வரை ஒரே வீச்சாக ஓடும் வெள்ளைத்துணி. இங்கிலாந்தில் அதை வெட்டிச் சட்டையாகவும் உள்ளாடையாகவும் தைப்பர். ஆகவே அதற்கு உடலளவு வேண்டாம், நீளமே வேண்டும். 'லாங்கிளாத்' என்ற பெயர் அந்த வேறுபாட்டை அப்படியே சொல்கிறது. உடுக்கும் முறை மாறியதால் துணியின் அளவு மாறியது. அளவு மாறியதால் புதுப்பெயர் தேவைப்பட்டது. பெயரிட்டவர் அளவை மாற்றச் சொன்னவர்.

கோட்டையைச் சுற்றிக் குடியேறிய நெசவாளர், சாயமிடுவோர், துணிவெளுப்போர் ஆகியோரின் தடம் ஊர்ப்பெயர்களில் இன்றும் உள்ளது. வண்ணாரப்பேட்டை துணிவெளுத்த இடம். திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, ஆளுநர் ஜோசப் கோலெட் பெயரால் அமைந்த நெசவுக் குடியிருப்பு. 'கோலெட்பேட்டை' மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் உருவான சிந்தாதிரிப்பேட்டையின் பெயரைச் 'சின்னத் தறிப்பேட்டை' என விளக்குவது வழக்கம். ஊருக்குப் பெயரிடும் உரிமையில் நெசவாளருக்குச் சிறிதேனும் பங்கு இருந்தது. அவர்கள் நெய்த சரக்குக்குப் பெயரிடுவதில் அந்தப் பங்கும் இல்லை.

பெயரிட்ட இடங்கள்

ஒவ்வொரு துணிப்பெயராக எடுத்துப் பார்க்கலாம். 'காலிகோ' கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் கோழிக்கோடு மிளகுத் துறைமுகம். பெருமளவு நெசவு நடந்த குசராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் துணி அங்கு வந்து கைமாறியது. ஐரோப்பியர் அதை அங்கு கண்டனர்; அங்கு கண்டதால் அந்த ஊரின் பெயரை இட்டனர். நெய்த ஊருக்கு அப்பெயரில் இடமில்லை. 'மஸ்லின்' மசூலிப்பட்டினத்திலிருந்து வந்தது என இன்றும் சில பாடநூல் குறிப்புகளில் காண்கிறோம். ஒலியொப்புமையைத் தவிர அதற்கு ஆதரவில்லை. ஈராக்கின் மோசுல் நகரப் பெயரே அதற்கு மூலம் என்பது அகராதியாளர் பெரும்பாலோர் கொண்ட முடிவு. 'மடப்பொல்லம்' என்னும் வெள்ளைத்துணி கோதாவரிக் கழிமுகத்தில் நர்சாப்பூரை அடுத்த மாதவாயபாலத்தின் பெயரைத் தாங்கியது. அங்குக் கம்பெனிக்குப் பண்டகசாலை இருந்தது.

இடப்பெயர் அல்லாத சொற்களுக்கும் தமிழ் மூலம் இல்லை. 'சிண்ட்ஸ்' இந்துஸ்தானியின் 'சீண்ட்' என்ற சொல்; புள்ளியிட்டது, தெளித்தது எனப் பொருள்படும். ஆங்கில வணிகர் அதன் பன்மையாக 'சிண்ட்ஸ்' என எழுதினர். பின்வந்தோர் அப்பன்மையையே ஒருமை எனக் கொண்டு, இறுதி எழுத்தையும் மாற்றி எழுதத் தொடங்கினர். தச்சுப் பலகையில் விரிக்கப்பட்டுக் கலத்தால் எழுதப்பட்ட சோழமண்டலத் துணியைப் போர்த்துக்கீசியர் 'பிண்டாடோ', அதாவது தீட்டியது, என்றனர். கம்பெனியின் தொடக்ககாலக் கடிதங்கள் அதையே மொழிபெயர்த்துப் 'பெயிண்டிங்ஸ்' எனக் குறிக்கின்றன. படுக்கை விரிப்பான 'பாலம்போர்' பாரசீக–இந்துஸ்தானிக் கூட்டுச்சொல்லான 'பலங்போஷ்' என்பதன் திரிபு. மெல்லிய துணிவகையொன்று 'பெட்டில்' எனப்பட்டது. போர்த்துக்கீசியத்தில் 'பியாட்டில்யா' என்பது கன்னியர் அணியும் முக்காட்டைக் குறித்த சொல். சோழமண்டலத்து நெசவாளர் ஒருவர் தாம் நெய்யும் துணி லிஸ்பன் மடங்களின் முக்காட்டுப் பெயரால் விற்கப்படுவதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

போய்ச் சேரும் இடத்தின் பெயரைப் பெற்ற துணியும் உண்டு. புதுச்சேரியிலிருந்து ஏற்றுமதியான அவுரி நீலத்துணியைப் பிரெஞ்சுக்காரர் 'கினே' என்றனர்; ஆங்கிலத்தில் அது 'கினிகிளாத்'. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்கு உரியது என்பதே பொருள். செனகல் ஆற்றங்கரையில் கோந்து வாங்க அத்துணியே பணம்போல் பயன்பட்டது. அடிமை வணிகத்திலும் இந்தியத் துணி மாற்றுப் பொருளாக இருந்தது என்பதை இப்பெயரைப் படிக்கும்போது மறக்கலாகாது.

தமிழோடு தொடர்பு உண்டெனச் சொல்லப்படும் இரண்டு பெயர்களைத் தனியே ஆராய வேண்டும். ஒன்று 'சேலம்பூர்'. பெயரின் முதற்பாதி சேலத்தை நினைவூட்டுவதால் அவ்வூரோடு இணைப்பது எளிது. சென்னை மாகாண நிர்வாகக் கையேட்டின் சொல்லகராதியோ தெலுங்கின் 'சாலெ' என்ற நெசவாளர் பெயரோடு 'புரம்' சேர்ந்தது எனக் கூறி, நெல்லூரில் நெய்யப்பட்டதாகவும் வழக்கமான 'புஞ்சம்' துணியில் பாதி நீளம் உடையதாகவும் விளக்குகிறது. பெரும்பகுதி நெய்யப்பட்ட இடத்தை வைத்துப் பார்த்தால் தெலுங்கு விளக்கத்துக்கே வலு மிகுதி என்பது என் கருத்து. மற்றொன்று 'கிங்கம்'. அதே சொல்லகராதி இதைத் தமிழின் 'கிண்டன்', தெலுங்கின் 'கிண்டென' போன்ற வடிவங்களோடு சேர்த்து, இரட்டையிழை நெசவு எனப் பொருள் தருகிறது. இன்றைய ஆங்கில அகராதிகள் மலாய் மொழியின் 'கெங்காங்', அதாவது கோடிட்டது, என்ற சொல் டச்சு வழியே வந்ததாகக் கொள்கின்றன. டச்சுக்காரர் சோழமண்டலத்தில் துணி வாங்கி மலாய்த் தீவுகளில் விற்றவர்கள். விற்பனைச் சந்தையின் சொல் கொள்முதல் ஆவணத்தில் ஏறுவது அவ்வணிகத்தின் இயல்பு. இரட்டையிழைக்கும் கோட்டுக்கும் இடையே பொருள் தொலைவு இருப்பதையும் சேர்த்து நோக்கினால் மலாய் மூலமே ஏற்புடையது.

இந்த விவாதங்களுக்கு இன்றும் முதற்பெரும் கருவியாக இருப்பது 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-ஜாப்சன்' அகராதி. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான ஏ.சி. பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்தியல் வல்லுநர். ஆகவே தென்மொழிகளை அறியாமல் விட்ட நூல் என அதனைக் குறைகூற முடியாது. வில்லியம் குரூக் 1903இல் பதிப்பித்தபோது மாகாணச் சொல்லகராதியின் விளக்கங்களைப் பகர அடைப்புக்குள் சேர்த்தார். அந்த அடைப்புக்குறிகளைக் கவனியாமல் இரண்டு கருத்துகளையும் ஒன்றாக்கி மேற்கோள் காட்டும் கட்டுரைகள் நம்மிடையே உள்ளன. பல தவறான 'தமிழ் மூலங்கள்' அங்கிருந்தே பரவின.

ஊர்ப்பெயரால் துணியைக் குறிப்பது ஐரோப்பியரின் தனிவழக்கம் அன்று. சங்க இலக்கியத்தில் 'கலிங்கம்' என்பதே ஆடைக்குப் பெயர். கலிங்க நாட்டிலிருந்து வந்ததன் அடையாளம் காலப்போக்கில் பொதுப்பெயர் ஆயிற்று. சிலப்பதிகார ஊர்காண் காதைக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் 30க்கும் மேற்பட்ட துணிவகைகளைப் பெயர் சுட்டுகிறார். அவற்றுள் 'குச்சரி', 'தேவகிரி' ஆகியன வெளிப்படையான இடப்பெயர்கள். 'சித்திரக்கம்மி' போன்றவை செய்நேர்த்தியைக் குறிப்பன. தமிழ் வணிகர் வாங்குவோராக இருந்தபோது அவர்களும் இதே முறையில் பெயரிட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரேயக் கடற்பயண நூல்' கிரேக்க மொழியில் 'அர்காருப் பகுதித் துணி' எனக் குறிப்பதை அறிஞர் பலரும் உறையூர்த் துணி என்றே கொள்கின்றனர். தமிழ்நாட்டுத் துணி தமிழ் ஊர்ப்பெயரோடு வெளிநாட்டு ஆவணத்தில் பதிவான மிகப் பழைய சான்று அதுவே. அங்கும் பெயரிட்டவர் வாங்கவந்தவர்.

பழவேற்காட்டுத் துணியின் மூன்று பெயர்கள்

இவ்வொழுங்கில் திருவள்ளூர் மாவட்டத்துக்கே உரிய சான்று பழவேற்காடு. டச்சுக்காரர் 1610ஐ ஒட்டி அங்கு நிலைகொண்டு 1613இல் கெல்டிரியாக் கோட்டையை அமைத்தனர். நூலுக்கு முன்கூட்டியே சாயமேற்றி, பல வண்ணக் கட்டமாக நெய்யப்பட்ட கைக்குட்டைத் துணி அவ்வட்டாரச் சரக்குகளுள் ஒன்று. ஒரு நீள வீச்சில் பல சதுரங்களாக நெய்து தருவர். வாங்குவோர் வேண்டிய அளவில் வெட்டிக்கொள்வர். அவ்வூர்ப் பெயரை ஐரோப்பியர் 'பலியகாட்', 'புலிகாட்' எனப் பலவாறு எழுதினர். ஆங்கிலத்தில் 'புல்லிகேட்' என்பது வண்ணக் கைக்குட்டையைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோவைச் சுற்றிய ஸ்காட்லாந்துத் தறிகளில் 'புல்லிகேட்' நெய்யப்பட்டது. அத்தறிகளில் இருந்தோரில் எத்தனை பேருக்கு அது சோழமண்டலத்து உப்பங்கழி ஊர் ஒன்றின் பெயர் எனத் தெரிந்திருக்கும்?

அதே ஊர்ப்பெயர் வேறிரு திசைகளிலும் சென்றது. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலித்துணி 'காயின் பெலிகாட்' எனப்படுகிறது. மலேசிய முஸ்லிம் ஆண்கள் இல்லத்திலும் தொழுகையிலும் உடுத்தும் உடை அது. மெக்சிகோவின் ஸ்பானியத்தில் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணக் குட்டைக்குப் 'பலியகாத்தே' என்று பெயர். ஸ்பானிய அகராதிகள் அதைப் 'பலியகாத்தே கைக்குட்டை' என்ற தொடரின் சுருக்கமாக விளக்குகின்றன. ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ வழக்கிழந்துவிட்டது. மலாயிலும் மெக்சிக ஸ்பானியத்திலும் அன்றாடச் சொல்லாக உயிரோடு இருக்கிறது. ஆங்கில அகராதியை மட்டும் சான்றாகக் கொண்டு துணிச்சொல் வரலாறு எழுதுவதன் குறையை இவ்வொரு சொல்லே காட்டிவிடும். பழவேற்காட்டிலோ அப்பெயரில் ஒரு துணி இருந்ததென்ற நினைவு கோட்டை இடிபாட்டையும் டச்சுக் கல்லறைகளையும் காணவருவோருக்குச் சொல்லப்படுவதில்லை.

சென்னை வளர்ந்து பழவேற்காடு தளர்ந்தபின் அதே வகைக் கட்டத்துணிக்கு 'மதராஸ்' என்ற பெயர் ஏறியது. கரீபியத் தீவுகளான மார்தினிக், குவாதலூப் ஆகியவற்றில் பெண்கள் தலையில் கட்டிய துணி 'மதராஸ்' ஆனது. இன்று அது அத்தீவுகளின் மரபுடைக்கு உரிய அடையாளம். மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற துணி வணிகத்தில், 'உண்மையான மதராஸ் கைக்குட்டை' என்ற முத்திரைப் பெயரைப் பெற்றது. நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்களிடையே அதன் பெயர் 'இஞ்சிரி'. ஜோன் ஐகர், டோன்யே எரெகோசிமா ஆகிய ஆய்வாளர்கள் இத்துணியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். கலபாரிப் பெண்கள் அதன் இழைகளைச் சிறு கத்தியால் அறுத்து உருவி, புதிய கோலங்களை உண்டாக்கி அதற்குப் 'பெலெட்டே பிட்டே' எனப் புதுப்பெயரும் இடுகின்றனர். இங்கு வாங்கியவர் பெயரிட்டதோடு நில்லாமல் துணியையே மீண்டும் செய்கிறார்.

1950களின் இறுதியிலும் 1960களிலும் அமெரிக்காவில் 'சாயம் வடியும் மதராஸ்' ஒரு நாகரிகமாகப் பரவியது. துவைக்கத் துவைக்கச் சாயம் கலங்கி வண்ணங்கள் ஒன்றோடொன்று இழைவதையே அதன் சிறப்பாக விளம்பரப்படுத்தினர். சாயம் போவது இங்கே குறை. அங்கே பெயருக்கு முன் அடைமொழி. சாயம் நிலைத்து நிற்பதற்காகவே 300 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் இக்கரையின் துணியை விரும்பினர் என்பதை எண்ணும்போது இந்தத் திருப்பம் வியப்பளிக்கிறது.

சாயவேரும் கஞ்சியும்

இதுவரை கண்ட பெயர்களில் எதுவும், ஊர்ப்பெயர் நீங்கலாக, தமிழ்ச் சொல் அன்று. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என நெசவின் உள்ளே வழங்கிய சொற்களில் ஒன்றும் ஆங்கிலத்தை எட்டவில்லை. கம்பெனி அலுவலர் தறியருகே செல்லவில்லை. முன்பணம் தரகர் வழியே சென்றது. துணி தரகர் வழியே வந்தது. பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூலில், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை தென்னிந்திய நெசவாளரிடம் இருந்ததையும், கம்பெனி ஆட்சி அதைப் பறித்ததையும் காட்டியுள்ளார். நெசவாளரின் பேரம் பேசும் வலிமை இருந்த காலத்திலும் அவர் சொல் வணிக மொழியில் ஏறாததற்கு இந்த இடைத்தரகே காரணம்.

விலக்காக நிற்பவை மூன்று. முதலாவது 'சே' என ஆங்கிலத்தில் வழங்கும் வேர்ச்சாயம். தமிழின் சாயவேர் என்பதே இதன் மூலம். இம்பூறல் என்றும் தமிழ் மருத்துவ நூல்கள் குறிக்கும் சிறுசெடியின் வேர்ப்பட்டையிலிருந்து செந்நிறம் எடுப்பர். கரையோர மணற்பாங்கில் விளையும் இவ்வேரே சோழமண்டலச் சிவப்புக்குப் புகழ் தந்தது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் சாயவேர் தோண்டுவதை டச்சு ஆட்சி தன் தனியுரிமையாக்கியது. இரண்டாவது கஞ்சி. உணவுப் பெயராக ஆங்கிலத்தில் நிலைத்த இச்சொல், இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரிடையே துணிக்கு மொடமொடப்பு ஏற்றும் பசை என்ற பொருளிலும் வழங்கியது. மூன்றாவது 'புஞ்சம்'. பாவிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டு துணியின் நெருக்கத்தைச் சொல்லும் அலகு இது; ஒரு புஞ்சம் 120 இழை என்பது 19ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் தரும் கணக்கு. தமிழ், தெலுங்கு நெசவாளர் இரு சாராரிடமும் இது இருந்தது. ஆங்கில ஆவணங்களுக்குத் தெலுங்குப் பகுதியிலிருந்து சென்றிருப்பதே இயல்பு.

இம்மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சாயம், பசை, இழையெண்ணிக்கை ஆகியவற்றில்தான் சரக்கின் தரம் சோதிக்கப்படும். சிவப்பு வெளுத்தாலோ, கஞ்சியேற்றி மெலிந்த துணியைத் தடித்ததாகக் காட்டினாலோ, சொன்ன புஞ்சத்தில் இழை குறைந்தாலோ கோட்டையின் துணிப்பிரிப்பு அறையில் சச்சரவு எழும். அவ்விடத்தில் மட்டும் வாங்குவோர் தொழிலின் சொல்லை அறிந்தே தீர வேண்டியிருந்தது. சொல் கடன் போவதற்குப் புகழைவிடப் பூசலே வலிய காரணம் எனத் தோன்றுகிறது. அளவு விஷயத்தில் மட்டும் இது நடக்கவில்லை. நம் முழத்துக்கு ஆங்கிலேயர் கையாண்ட சொல் போர்த்துக்கீசிய மூலமுடைய 'கோவிட்'. 2020க்குப் பின் பழைய சென்னை ஆவணங்களைத் திறக்கும் மாணவர்கள் 'இத்தனை கோவிட் நீளத் துணி' என்ற வரிகளைக் கண்டு ஒருகணம் தயங்குவதுண்டு.

கத்தரிக்கோலுக்குப் பின்

எதிர்த்திசையில், தமிழ் பெற்ற சொற்களை நோக்கினால் படம் தெளிவாகிறது. ஆங்கிலம் இக்கரையிலிருந்து பெற்ற பெயர்கள் அனைத்தும் தறியிலிருந்து இறங்கிய, வெட்டப்படாத துணிக்கு உரியவை. தமிழ் ஐரோப்பிய மொழிகளிலிருந்து பெற்ற சொற்களோ பெரும்பாலும் வெட்டிய பின், தைத்த பின் வருபவை. பொத்தான், பொத்தானுக்குரிய துளையாகிய காஜா, விளிம்பில் வைக்கும் ரேந்தை, துவாலை, இலங்கைத் தமிழில் கைக்குட்டையைக் குறிக்கும் லேஞ்சி ஆகிய அனைத்தும் போர்த்துக்கீசியம். 'காஜா' என்பது அம்மொழியில் வீட்டைக் குறிக்கும் 'காசா', பொத்தானுக்கு வீடு. தல்காதோ 1913இல் தொகுத்த போர்த்துக்கீசியச் சொற்களின் ஆசியப் பரவல் பற்றிய நூல் இத்தகையவற்றை ஒருசேரக் காட்டுகிறது. பூந்தமல்லியிலோ குத்தம்பாக்கத்திலோ தையற்கடையில் 'காஜா எடுத்தாச்சா' எனக் கேட்பவர் 400 ஆண்டு வரலாறுடைய சொல்லை வழங்குகிறார். காலர், கஃப், பாக்கெட், ஜிப் என ஆங்கிலச் சொற்கள் பின்னர் வந்து அடுக்கடுக்காய்ச் சேர்ந்தன.

தமிழர் தைத்த உடையை அறியாதவர் என்பது இதன் பொருளன்று. புகார் நகரத் தொழிலாளருள் துன்னகாரரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. கஞ்சுகம் மெய்ப்பையைக் குறித்தது. ஆயினும் துன்னகாரர் என்ற சொல் வழக்கிழந்து, 'டெயிலர்' நிலைத்தது. ஜவுளி என நாம் தமிழ்போலவே வழங்கும் பொதுச்சொல்லும் தெலுங்கு, கன்னட வடிவங்களோடு உறவுடையது. துணியை அளக்கும் கெஜம் பாரசீகம். துணிச்சொற்களில் மொழித்தூய்மை தேடுவோருக்கு இத்துறை ஏமாற்றமே தரும்.

ஆங்கிலேயர் கொண்டுசென்ற பெயர் வேறு துணியோடு திரும்பியதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடுக்க 1700இலும், அதை உடுப்பதையே தடுக்க 1721இலும் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர் தெருவில் சென்ற பெண்களின் காலிகோ உடையைக் கிழித்தனர். தடைக்காலத்தில் அங்கேயே பருத்தித்தொழில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி சென்னைக்கு வந்து இறங்கியபோது அதன் பெயர் 'லாங்கிளாத்'. பூந்தமல்லி நாயக்கர் சீமையில் மலிவாய்க் கிடைத்ததற்காக வாங்கப்பட்ட துணியின் பெயர், மலிவாய்க் கிடைத்ததற்காகவே அதே சீமையில் விற்கப்பட்ட அயல்துணியின் பெயராயிற்று. 'கிளாஸ்கோ மல்' என்ற தமிழ் வழக்கும் இத்தகையதே. 'மல்' இந்துஸ்தானியின் மல்மல், முன்னொட்டு ஸ்காட்லாந்து நகரம்.

இந்த மேற்குப் புறநகர்ப் பகுதியில் துணித்தொழில் பின்னர் வேறு உருவில் வந்தது. பெரம்பூரில் 1876இல் பக்கிங்காம் ஆலையும் சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. படைகளுக்கான காக்கித்துணி அவற்றின் பெயர்பெற்ற சரக்கு. 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் படைத்துறை உடைத் தொழிற்சாலை அமைந்தது. 2021 அக்டோபர் முதல் அது புதிய பொதுத்துறை நிறுவனமொன்றின்கீழ் இயங்குகிறது. 'காக்கி' பாரசீகத்தில் புழுதி எனப் பொருள்படும் 'காக்' என்பதிலிருந்து உருது வழியே ஆங்கிலப் படைமொழிக்குச் சென்று, தமிழில் காவலரையே குறிக்கும் ஆகுபெயராயிற்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடைக் கூடங்களில் இன்று வழங்கும் 'பீஸ்', 'பண்டில்', 'செக்கிங்' ஆகியவற்றில் முதற்சொல் பழமையானது. இந்தியத் துணியைக் கம்பெனி 'பீஸ் குட்ஸ்' என்றே எழுதியது. அக்காலத்தில் ஒரு பீஸ் என்பது தறியிலிருந்து முழுதாய் இறங்கிய துணி. இன்று கூலிக் கணக்கில் அது தைத்து முடித்த ஓர் உருப்படி.

நாகரிகப் பாங்கைக் குறிக்கத் தமிழில் 'ஃபேஷன்' பரவுவதற்கு முன் வழங்கிய சொல் 'மோஸ்தர்'. 20ஆம் நூற்றாண்டின் இதழ்களிலும் புனைகதைகளிலும் 'புது மோஸ்தர்' எனச் சரளமாகக் காணலாம். இதன் மூலம் போர்த்துக்கீசியத்தின் 'மோஸ்த்ரா'. மாதிரி எனப் பொருள். ஆங்கிலக் கம்பெனி ஆவணங்களில் இதே சொல் 'மஸ்டர்' என்ற வடிவில் வருகிறது. லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அல்லது முந்தைய ஆண்டுச் சரக்கிலிருந்து வெட்டி வைக்கப்பட்ட மாதிரித் துண்டு அது. துணிப்பிரிப்பு அறையில் நெசவாளரின் துணியை அந்த மஸ்டர் அருகே விரித்து வைத்து, ஒத்திருந்தால் முழுவிலை, தாழ்ந்திருந்தால் குறைவிலை, மிகத் தாழ்ந்திருந்தால் திருப்பி அனுப்புவது என முடிவுசெய்தனர். வாங்குவோர் முன்வைத்த அந்த மாதிரித் துண்டின் பெயரையே தமிழர் பின்னாளில் தம் உடையின் அழகுக்கும் புதுமைக்கும் பெயராக எடுத்துக்கொண்டனர்.